ஜெயித்தவர்கள் எழுதிய புத்தகங்கள்

2002 உலகக்கோப்பையின்போது பிரேசில் அணியின் பயிற்சியாளர் லூயிஸ் பெலிப்பே ஸ்கொலாரி, சுன் ட்சுவின் 'ஆர்ட் ஆஃப் வார்' நூலிலிருந்து சில பகுதிகளைத் தன் வீரர்களுக்கு வாசிக்கக் கொடுத்தார். ரொனால்டோவும் ரிவால்டோவும் ரொனால்டினோவும் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய ஒரு சீனப் போர் நூலை எவ்வளவு தூரம் வாசித்தார்கள் என்பது வேறு விஷயம். பிரேசில் ஏழு ஆட்டங்களையும் ஜெயித்தது. கோப்பையோடு சேர்ந்து அந்தக் கதையும் உலகம் சுற்றியது.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 2014 ஜூலை 8 அன்று, பெலோ ஹொரிசோன்டே நகரில் அதே ஸ்கொலாரியின் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்றது. முதல் 29 நிமிஷத்துக்குள் ஐந்து கோல். சுன் ட்சு அப்போதும் அங்கேயேதான் இருந்தார். அன்றைக்கு அவரை யாரும் தேடவில்லை, அவ்வளவுதான்.

இது நினைவுக்கு வரக் காரணம் ஒரு போன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரும் நண்பன் ஒருவன் கேட்டான்: "கோச்சுங்க படிக்க வேண்டிய புக்கு ஒரு அஞ்சு சொல்லுடா. டாக்டிக்ஸ், லீடர்ஷிப், மோட்டிவேஷன், எல்லாம் இருக்கணும். நெட்ல தேடினா எல்லா லிஸ்ட்லயும் அதே பேருதான் வருது. நீதான் நாவலெல்லாம் படிக்கிறவனாச்சே."

அந்த 'நாவலெல்லாம்' என்பதில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது. இருக்கட்டும். பட்டியல் தருவதாகச் சொல்லிவிட்டு, என்னிடம் இருந்த கால்பந்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு ரசிகனாக வாசித்தபோது பிடித்துப்போன சில புத்தகங்கள், நாளைக் காலை பதினெட்டுப் பையன்கள் முன்னால் போய் நிற்கப்போகிறவனை மனசில் வைத்து வாசித்தபோது சட்டென்று மெலிந்துபோயின. எதிர்பார்க்காத சில, கனத்தன.

முதலில் எல்லாப் பட்டியலிலும் வருகிற பெயர். அலெக்ஸ் ஃபெர்கஸன் 2015-இல் வெளியிட்ட 'லீடிங்'. கூட எழுதியவர் மைக்கேல் மோரிட்ஸ். சிலிக்கான் வேலியில் கூகுள் போன்ற நிறுவனங்களில் ஆரம்பத்திலேயே பணம் போட்ட செக்கோயா கேப்பிடலின் பெரிய தலையாக அப்போது இருந்தவர். இந்தக் கூட்டணியே புத்தகம் யாருக்கானது என்று சொல்லிவிடுகிறது. கேட்பது, கவனிப்பது, வாசிப்பது, ஒழுங்கு, ஆள் சேர்ப்பது, தோல்வியைக் கையாள்வது என்று தலைப்புத் தலைப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டில் 26 வருஷத்துக்கு மேல் இருந்து 38 கோப்பைகள் ஜெயித்த மனுஷனின் வாழ்க்கையை, அலுவலகத்தில் நடுவாந்திர மேனேஜர் ஒருவர் விமானத்தில் உட்கார்ந்து வாசிக்கத் தோதாக வெட்டி அடுக்கியிருக்கிறார்கள்.

அதில் நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. ஃபெர்கஸன் பல இடங்களில் சொல்லியிருக்கிற ஒரு விஷயம் உண்டு. ஸ்காட்லாந்தில் அபர்டீன் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது, பயிற்சியை எல்லாம் தானே நடத்திக்கொண்டிருந்தார். 'அதை எங்களிடம் விட்டுவிட்டு நீங்கள் ஓரமாக நின்று பாருங்களேன்' என்று அவருடைய உதவியாளர் யோசனை சொன்னார். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. பிறகு சம்மதித்தார். நின்று பார்க்க ஆரம்பித்தபோதுதான், ஒரு பையன் வழக்கத்தைவிட மெதுவாக நடக்கிறான், இன்னொருவன் யாரோடும் பேசவில்லை என்பதெல்லாம் கண்ணில் படத் தொடங்கியது. விசில் ஊதிக்கொண்டே இருக்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாது. நண்பனுக்கு இந்த ஒரு விஷயத்தை மட்டும் போனிலேயே சொன்னேன். "அப்ப பயிற்சிய யாரு குடுப்பா? எனக்கு அசிஸ்டென்ட்டே கிடையாதே" என்றான். நியாயம்தான்.

'லீடிங்'கின் சிக்கல் அது சொல்லும் அறிவுரைகளில் இல்லை. காலத்தை அது கையாளும் விதத்தில் இருக்கிறது. ஃபெர்கஸன் யுனைடெட்டுக்கு வந்தது 1986 நவம்பரில். முதல் கோப்பை கிடைத்தது 1990-இல். நடுவில் மூன்றரை வருஷம். அந்த மூன்றரை வருஷத்திலும் அவர் இதே ஆள்தான். இதே கண்டிப்பு, இதே பிடிவாதம், இதே அதிகாலை எழுச்சி. 1990 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு எதிராக மார்க் ராபின்ஸ் என்ற இளைஞர் அடித்த ஒரே கோலில் யுனைடெட் தப்பித்தது. அந்தக் கோல்தான் ஃபெர்கஸனின் வேலையைக் காப்பாற்றியதா என்பது இன்றுவரை தீராத விவாதம். அந்தப் பந்து வெளியே போயிருந்தால் அதே கண்டிப்புக்கு 'வறட்டுத்தனம்' என்றும், அதே பிடிவாதத்துக்கு 'காலத்துக்கு ஒவ்வாதவர்' என்றும் பெயர் கிடைத்திருக்கும். ஜெயித்தவனின் பழக்கங்கள்தான் கோட்பாடு ஆகின்றன. தோற்றவனுக்கும் அதே பழக்கங்கள் இருந்திருக்கலாம். அவனிடம் யாரும் புத்தகம் கேட்கவில்லை.

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஃபெர்கஸனின் முறையை ஆராய்ந்து பாடமாக வைத்தது. அவர் 2013-இல் ஓய்வு பெற்றபோது தனக்கு அடுத்து வரவேண்டியவர் என்று அவரே கைகாட்டிய டேவிட் மோயஸ் பத்து மாதத்தில் வேலை இழந்தார். கற்றுக்கொடுக்க முடிந்த ஒன்றாக அது இருந்திருந்தால், முதல் பாடம் எடுத்திருக்க வேண்டிய இடம் அடுத்த அறைதானே?

இன்னொன்று. ஃபெர்கஸன் நல்ல வாசகர். அவருக்குப் பிரியமான வாசிப்பு அமெரிக்க உள்நாட்டுப் போரும் கென்னடி கொலையும். மனிதர்கள் நெருக்கடியில் என்ன செய்தார்கள் என்கிற வரலாறு. அவர் வாசித்தது ஒன்று, நம்மை வாசிக்கச் சொல்வது வேறொன்று.

சுன் ட்சுவைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. அது அழகான புத்தகம். ஆனால் சூத்திரத்துக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அது தோற்பதே இல்லை. ஜெயித்தால் சூத்திரத்தால் ஜெயித்தோம், தோற்றால் சூத்திரத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. நம்மிடமும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று குறளில் அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள்தான் நாம். 70-ஆவது நிமிஷத்தில் யாரை வெளியே எடுப்பது என்று அதில் எதுவும் சொல்லாது.

மோட்டிவேஷன் என்று நாம் சொல்லும் சமாச்சாரத்துக்கும் அந்த 1-7 ஆட்டம் ஒரு பாடம். நெய்மாருக்குக் காலிறுதியில் முதுகெலும்பில் அடி. கேப்டன் தியாகோ சில்வாவுக்குத் தடை. அரையிறுதிக்கு முன்னால் தேசிய கீதம் பாடும்போது, ஆட்டக்காரர்கள் நெய்மாரின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கண்களில் தீ. மைதானம் முழுக்க அழுகையும் கர்ஜனையும். உத்வேகம் குறைவாக இருந்ததால் தோற்ற அணி இல்லை அது. ஜெர்மனிக்காரர்கள் அமைதியாக, காலியாகக் கிடந்த இடங்களைப் பார்த்துப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரி, அப்படியானால் எதை வாசிப்பது? நான் முதலில் எடுத்துக் கொடுப்பது ஒரு நாவலை. நண்பனின் இளக்காரத்துக்குப் பதிலாக இல்லை, நிஜமாகவே.

டேவிட் பீஸ் 2006-இல் எழுதிய 'தி டேம்ன்ட் யுனைடெட்'. பிரையன் கிளஃப் 1974-இல் லீட்ஸ் யுனைடெட் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த 44 நாட்களின் கதை. கிளஃபே பேசுகிறார். தன்மையில், நிகழ்காலத்தில், ஒரே சொற்களைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டு, தூக்கம் வராதவன் தலைக்குள் ஓடும் பேச்சு மாதிரி. லீட்ஸின் ஒவ்வொரு நாளுக்கும் நடுவே, அதற்கு முன் டெர்பி கவுண்ட்டி அணியை அவர் கீழ் டிவிஷனிலிருந்து தூக்கி 1972-இல் லீக் சாம்பியன் ஆக்கிய வருஷங்கள் வந்துபோகின்றன. ஒரு இழை மேலே ஏறுகிறது, இன்னொன்று கீழே இறங்குகிறது. ஒரே வாய், ஒரே திமிர், ஒரே கிண்டல். டெர்பியில் அந்த வாய் ஆட்களை உசுப்புகிறது. லீட்ஸில் அதே வாய் எதிரிகளை உண்டாக்குகிறது.

லீட்ஸ் அந்த வருஷத்துச் சாம்பியன். டான் ரெவி 13 வருஷம் உட்கார்ந்து ஒவ்வொரு செங்கலாக அடுக்கிக் கட்டிய வீடு. அந்த அணி முரட்டாட்டம் ஆடுகிறது, ஏமாற்றுகிறது என்று கிளஃப் வருஷக்கணக்காக டிவியிலும் பத்திரிகையிலும் திட்டிக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவர் உள்ளே போய், 'நீங்கள் ஜெயித்த பதக்கங்களை எல்லாம் குப்பைத்தொட்டியில் போடுங்கள், ஒன்றைக்கூட நேர்மையாக ஜெயிக்கவில்லை' என்கிற அர்த்தத்தில் பேசுகிறார். இது நாவலாசிரியர் கற்பனை இல்லை, அங்கே இருந்தவர்களே சொல்லியிருப்பது. ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பீஸின் நாவலில் குறைகள் உண்டு. உயிரோடிருக்கும் மனிதர்களை வைத்துக் கற்பனை செய்வதற்கு ஒரு விலை இருக்கிறது. லீட்ஸ் ஆட்டக்காரர் ஜானி ஜைல்ஸ் சட்ட நடவடிக்கை எடுத்து, சில பகுதிகளை நீக்கவைத்தார். கிளஃபின் குடும்பத்துக்கும் புத்தகம் பிடிக்கவில்லை. அதில் வரும் கிளஃப் முழுக்க இருட்டில் நிற்கிறார், அவருடைய நகைச்சுவையின் இதம் காணாமல் போய்விடுகிறது. வாழ்க்கை வரலாறாக அதை வாசிக்கக்கூடாது. ஆனால் எந்தத் தலைமைத்துவப் புத்தகமும் தொடாத ஒன்றை இந்த நாவல் தொடுகிறது. புது இடத்துக்குப் போகிற ஒருவன் டிரெஸ்ஸிங் ரூம் கதவைத் திறக்கும்போது அவன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? பயந்தவன் எப்படிப் பேசுவான்? அதிகமாகப் பேசுவான். சத்தமாகப் பேசுவான். எனக்கு முன்னால் இருந்தவன் முட்டாள் என்பான். பள்ளிக்கூடத்து அணியானாலும் இது மாறாது என்று நினைக்கிறேன். பழைய பி.டி. வாத்தியாரைப் பையன்களுக்குப் பிடித்திருந்தது என்பதை முதல் நாளே கிண்டல் செய்கிற புது வாத்தியாரை நாம் எல்லோருமே பார்த்திருப்போம்.

அந்த 44 நாட்களில் கிளஃபோடு ஒருவர் இல்லை. பீட்டர் டெய்லர். டெர்பியில் அவருக்கு வலது கை. ஆட்களைக் கண்டுபிடிக்கும் கண் டெய்லருடையது, அவர்களைப் பேசியே ஆடவைக்கும் நாக்கு கிளஃபுடையது. கிளஃப் லீட்ஸுக்குப் போனபோது டெய்லர் பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். பீஸ் அந்த இல்லாமையை ஒரு காதல் பிரிவு மாதிரி எழுதுகிறார். அது மிகையில்லை என்பது டங்கன் ஹாமில்டனின் 'ப்ரொவைடட் யூ டோன்ட் கிஸ் மீ' வாசித்தால் தெரியும். ஹாமில்டன் நாட்டிங்ஹாமின் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர். மீசை முளைக்கும் வயசில் கிளஃப் முன்னால் போய் நின்று, இருபது வருஷம் கூடவே இருந்து பார்த்தவர். லீட்ஸில் தோற்ற அதே ஆள் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குப் போய், டெய்லரும் வந்து சேர்ந்தபின், 1978-இல் லீக், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை என்று ஜெயித்ததை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு கிளஃபும் டெய்லரும் பேசாமல் போனதையும், டெய்லர் 1990-இல் இறக்கும்வரை சமாதானம் ஆகாததையும், கிளஃபைக் குடி தின்றதையும் பார்த்தார். இந்த இரண்டு புத்தகங்களையும் சேர்த்து வாசித்தால் 'தலைவன்' என்ற ஒற்றை ஆள் கரைந்துபோய்விடுகிறான். உன் டெய்லர் யார் என்ற கேள்விதான் மிஞ்சுகிறது.

டாக்டிக்ஸுக்கு ஜோனதன் வில்சனின் 'இன்வெர்ட்டிங் தி பிரமிட்' (2008) போதும். இதற்கு எல்லாப் பட்டியலிலும் இடம் உண்டு, சரியாகவே உண்டு. ஆனால் அதை ஃபார்மேஷன் கைடாக வாசித்தால் ஏமாற்றம்தான். 1925-இல் ஆஃப்சைடு விதி மாறியது. தாக்குபவனுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கவேண்டும் என்பது இரண்டு பேர் போதும் என்றானது. கோல்கள் கொட்டின. ஆர்சனலின் ஹெர்பர்ட் சாப்மன் நடுவில் ஆடிய ஒருவரைப் பின்னால் இழுத்தார், ஆட்டத்தின் வடிவமே மாறிப்போனது. 1953-இல் ஹங்கேரியின் ஹிடெகுட்டி முன்னால் நிற்காமல் கீழே இறங்கிவந்து நின்றார். அவரை யார் பிடிப்பது என்று தெரியாமல் இங்கிலாந்து வெம்பிளியிலேயே 3-6 என்று தோற்றது. ஒவ்வொரு உத்தியும் ஒரு குறிப்பிட்ட தொல்லைக்குக் கிடைத்த பதில் என்பதை வில்சன் பொறுமையாகக் காட்டிக்கொண்டே போகிறார். தொல்லை உனக்கு இல்லையென்றால் பதிலைக் காப்பியடித்து என்ன பயன்? என் நண்பன் 4-3-3 ஆடவைப்பது பார்சிலோனா ஆடியதால். அவனிடம் இடது காலால் அடிக்கிற பையன் ஒருவன்கூட இல்லை.

மார்ட்டி பெரார்னோவின் 'பெப் கான்ஃபிடென்ஷியல்' பற்றி எனக்கு இரண்டு மனசு. பெப் கார்டியோலா பயர்ன் மியூனிக்கில் இருந்த முதல் சீசன், 2013-14 முழுக்க, இந்தப் பத்திரிகையாளரை உள்ளே விட்டார். சீசன் முடியும்வரை பார்த்ததை வெளியிடக்கூடாது என்பது ஒப்பந்தம். பெரார்னோ பக்தர். பெப் தலையைச் சொறிந்தால்கூட அதில் ஒரு கோட்பாடு இருக்கும் என்று நம்புகிறவர். பல பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடலாம். ஆனால் ஒரு அத்தியாயத்துக்காகவே அந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறேன்.

சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. முதல் ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டிடம் 0-1 என்று தோற்றுத் திரும்புகிறார்கள். அடுத்த ஆட்டம் சொந்த ஊரில். நடுக்களத்தை நிரப்பி, மூன்று தடுப்பாளர்களோடு ஆடலாம் என்று யோசிக்கிறார் பெப். பிறகு மாற்றுகிறார். கடைசியில் ஆட்டக்காரர்களின் சூடு அவரையும் தொற்றிக்கொள்கிறது. பாய்ந்து தாக்கவேண்டும், திருப்பி அடிக்கவேண்டும் என்று அணியே கொதிக்கிறது. நான்கு பேரை முன்னால் நிறுத்தி ஆடச் சம்மதிக்கிறார். 2014 ஏப்ரல் 29. இருபது நிமிஷத்துக்குள் செர்ஹியோ ராமோஸ் தலையால் இரண்டு கோல். முடிவு 0-4. தன் பயிற்சியாளர் வாழ்க்கையிலேயே ஆகப்பெரிய தவறு அது என்று பெப் பிறகு பெரார்னோவிடம் ஒப்புக்கொள்கிறார். ஆட்டக்காரர்கள் சொல்வதைக் கேட்பவனே நல்ல தலைவன் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. இங்கே ஒருவர் கேட்டார். கேட்டதால் தோற்றார். எப்போது கேட்கக்கூடாது என்று யாராலும் சூத்திரம் எழுத முடியாது. அவருடைய அந்த மூன்று நாள் தடுமாற்றத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பது மட்டும்தான் வழி.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கார்லோ ஆன்சலோட்டியும் ஒரு தலைமைத்துவப் புத்தகம் எழுதினார். 'குவைட் லீடர்ஷிப்', 2016. அதுவும் மேனேஜர்களுக்கான மொழியில்தான் இருக்கிறது. ஒரு வித்தியாசம், வேலை போவதைப் பற்றி அவர் கூச்சமில்லாமல் பேசுகிறார். எந்த இடத்துக்குப் போனாலும் தேன்நிலவில் தொடங்கிப் பிரிவில் முடியும் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவைத்திருக்கிற மனுஷனின் குரல். புத்தகம் வந்த மறுவருஷமே பயர்ன் மியூனிக் அவரை நீக்கியது. சிரிப்பு வந்தாலும், புத்தகத்தை அது பொய்யாக்கவில்லை. உண்மையாக்கியது.

கடைசியாக, எந்தப் 'பயிற்சியாளர் வாசிப்பு'ப் பட்டியலிலும் நான் பார்க்காத ஒரு புத்தகம். ரொனால்ட் ரெங் எழுதிய 'எ லைஃப் டூ ஷார்ட்'. ஜெர்மன் கோல் கீப்பர் ராபர்ட் என்கேயின் வாழ்க்கை. ஜெர்மனியின் தேசிய அணியில் இருந்தவர், 2010 உலகக்கோப்பையில் முதல் கீப்பராக நிற்கக்கூடியவர் என்று பேசப்பட்டவர். 2009 நவம்பர் 10 அன்று, 32 வயசில், மனச்சோர்வு நோயின் பிடியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ரெங் அவருடைய நண்பர். இருவரும் சேர்ந்து ஒருநாள் என்கேயின் வாழ்க்கையை எழுதுவதாகத் திட்டமிட்டிருந்தார்கள். ரெங் தனியாக எழுதவேண்டியதாகிவிட்டது. அழவைக்கும் புத்தகம்தான், ஆனால் அழவைக்க முயலாத புத்தகம். என்கேயின் நாட்குறிப்புகளையும் கூட இருந்தவர்களின் நினைவுகளையும் வைத்து, ஒரு நோய் எப்படி வந்தது, எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது என்று மாதம் மாதமாகச் சொல்கிறார். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. ஒற்றைக் காரணம் தேடுவதில்லை. மகளின் மரணத்தைக்கூட ஒரு விளக்கமாக அவர் பயன்படுத்துவதில்லை, அது ஒரு துக்கமாகவே நிற்கிறது.

அதில் 2002-இல் நடந்த ஒரு ஆட்டம் வருகிறது. என்கே பார்சிலோனாவுக்கு வந்த புதிது. ஸ்பானிய அரசர் கோப்பையில் மூன்றாம் டிவிஷன் அணியான நோவெல்டாவிடம் பார்சிலோனா 2-3 என்று தோற்கிறது. ஆட்டம் முடிந்ததும் சக ஆட்டக்காரரான ஃபிராங்க் டி போயர் வெளிப்படையாகவே என்கேயைக் குறை சொல்கிறார். விளையாட்டில் நடக்காத விஷயமில்லை இது. கோபத்தில் யாரும் சொல்லக்கூடியதுதான். மறுநாள் பத்திரிகையோடு மறந்துபோகிற ஒன்று. ஆனால் ரெங் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், அந்த வார்த்தைகள் ஒரு ஆளுக்குள் இறங்கி எங்கெல்லாம் போய்த் தங்குகின்றன என்று பின்னாலேயே போகிறார். ஒரு கோல் கீப்பர் தன் பிழையை எப்படி வீட்டுக்கு எடுத்துப்போகிறான், தூங்கும்போது அது எங்கே இருக்கிறது, அடுத்த உயரப் பந்துக்கு அவன் வெளியே வரலாமா வேண்டாமா என்று தயங்கும் அந்த அரை விநாடியில் அது எப்படி வந்து நிற்கிறது.

'மனசைத் திடப்படுத்து', 'சிங்கம் மாதிரி நில்லு', 'பயம்னா என்னன்னே தெரியக்கூடாது' என்று நம் ஊர் மைதானங்களிலும் கத்துகிறோம். அந்தச் சத்தம் எதிர்முனையில் எப்படிக் கேட்கிறது என்று எழுதிய வேறொரு கால்பந்துப் புத்தகம் எனக்குத் தெரியாது. பயிற்சியாளர்கள் எழுதிய புத்தகங்களில் பேசுகிறவனின் வாய்தான் இருக்கிறது. கேட்கிறவனின் காது இதில்தான் இருக்கிறது.

நண்பனுக்கு மூன்று பெயர்களை மட்டும் அனுப்பினேன். பீஸ், ஹாமில்டன், ரெங். வில்சனை அவன் ஏற்கெனவே வாங்கிப் பாதியில் நிறுத்தியிருந்தான். ஃபெர்கஸன் அவன் அலமாரியில் இருந்தது, நிறைய அடிக்கோடுகளோடு. இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது.

"டேய், நீ குடுத்த எதுலயும் ஜெயிக்கிறது எப்படின்னே இல்லையேடா."

"எதை முதல்ல எடுத்தே?"

"அந்தக் கீப்பர் புக்கு. நோவெல்டா மேட்ச் வரைக்கும் வந்துட்டேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எங்க டீம்ல ஒரு பையன் இருக்கான். கீப்பர். போன மாசம் ஃபைனல்ல அவன் ஒரு பந்த விட்டுட்டான். நான் எல்லார் முன்னாடியும்..."

பின்னால் பையன்களின் சத்தம். யாரோ அவனை "சார், சார்" என்று கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.